யாரும் திறக்காத டப்பா

பல் டாக்டரம்மா நொறுக்குத்தீனியின் கெடுதல் பற்றி ஒரே ஒரு வீடியோ பார்த்தாள். வீடே திருந்த வேண்டியதாயிற்று. இருந்த தீனியெல்லாம் குப்பைக்குப் போனது. அலமாரியில் முழுத்தானியம் ஒரு பெரிய டப்பாவில் ராஜமரியாதையோடு வந்து உட்கார்ந்தது. சமைப்பது மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போனது.

"இனிமே ஒரு பாக்கெட்கூட இந்த வாசப்படி தாண்டக் கூடாது!"

"சரிம்மா" என்றார் கணவர். "நல்ல காரியம், கண்ணு" என்றாள் மாமியார். தன் பேச்சின் மகிமையில் டாக்டரம்மாவுக்கே புல்லரித்தது.

மறுவாரம் கைப்பையில் கிரீம் பிஸ்கட்டோடு வீடு திரும்பியவள், ஒளித்துவைக்க வாகாக அந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே கணவரின் சிப்ஸும் மாமியாரின் மிட்டாயும் பாதி புதைந்து கிடந்தன.

அவற்றைச் சற்றுத் தள்ளிவைத்துத் தன்னுடையதற்கும் இடம் பண்ணினாள். தானியத்தில் ஒரு மணிகூடக் குறையவில்லை.