ரம்யா வரலியா?

போனை எடுத்ததும் முதல் கேள்வியே அதுதான். வணக்கமும் கிடையாது, சௌக்கியம் விசாரிப்பதும் கிடையாது. “ரம்யா வரலியா?”

“வருவாங்கம்மா” என்று கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். கடை அவளுடையது. கடனுக்காக பேங்கு வாசலில் செருப்புத் தேய நடந்தவள் அவள். கெமிஸ்ட்ரி படித்தவள் அவள். கூலி வேலை பார்க்கும் அவள் அப்பா பிச்சைமுத்துவின் வம்சத்தில் காலேஜுக்குள் கால் வைத்த முதல் ஆளும் அவள்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ‘வாணி வாட்டர் சர்வீஸ்’ என்று அவள் பேரில்தான் போர்டு தொங்குகிறது. வீடு வீடாகப் போய் குடிதண்ணீர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, கெட்டுப்போன சாமானை மாற்றிவிட்டு வரும் வேலை. அதற்கு மாதச் சம்பளத்தில் வந்து சேர்ந்தவள் ரம்யா. ஊரே ரம்யாவைத்தான் கேட்கிறது.

கோகிலவாணி அவளை யோசித்துத்தான் வேலைக்கு எடுத்தாள். ஃபில்டர் மாட்டியிருப்பது அடுப்படியில். அடுப்படிக்குள் வருகிறவளிடம் எந்த ஊர் என்று கேட்காமல் விடமாட்டார்கள். சங்கராபுரம் பக்கம் என்றால் போதாது. ஊரா, காலனியா என்று தெரிய வேண்டும். காலனி என்று தெரிந்ததும் யாரும் திட்டுவதில்லை. “வூட்டுக்காரரு இல்லம்மா, அப்புறமா வா” என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. ரம்யா ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி தீனதயாளனின் மகள். அப்பா பேரைச் சொன்னால் பாதிப் பேர் உறவு கண்டுபிடித்துவிடுவார்கள். அவளை முன்னால் விட்டால் கதவு திறக்கும் என்பது கோகிலவாணியின் திட்டம்.

கதவு திறந்தது. திட்டம் பலித்துவிட்டது என்பதுதான் இப்போது அவள் வயிற்றெரிச்சல்.

ரம்யா வேலைக்குப் போன வீட்டில் குழம்பை ருசி பார்த்து, “புளி ஜாஸ்திக்கா” என்று சொல்வாள். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். திரும்பும்போது கடை ஸ்கூட்டரில் முருங்கைக்காய் தொங்கும். அதே வீடுகளுக்குக் கோகிலவாணி போனால் பைப்பைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் கண்கள் அவள் கையிலேயே இருக்கும்.

ரம்யாவின் சாதிக்காரர்கள் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மனு கொடுத்துக்கொண்டிருந்த மார்கழி அது. கொரோனா பயமும் முழுசாகத் தீரவில்லை. ரம்யா ஒருநாள் லீவு கேட்டாள்.

“இன்னாடி, மனு குடுக்கப் போறியா?”

“எங்கப்பா கூப்டுறாருக்கா. உங்க ஆளுங்களுக்கு இருக்கறாப்பல எங்களுக்கும் தனியா வோணுமாம்.”

“இருக்கறாப்பலயா? எங்க தெருவுல வந்து ஒரு மாசம் இருந்துட்டு அப்புறம் கேளு.”

“நீங்களாவது காலேஜு படிச்சீங்க. எங்க வூட்ல யாரு படிச்சா? நான் பிளஸ் டூவோட நின்னுட்டன்” என்றாள் ரம்யா, ஸ்கூட்டர் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்தபடி. சண்டைக்குக்கூட வரவில்லை அவள். கோகிலவாணிக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் பொன்மணி நகர் வந்தது. சங்கராபுரம் ரோட்டில் புதிதாக எழும்பிய நகர்; வரிசையாகப் புது வீடுகள், எல்லா வீட்டிலும் உப்புத் தண்ணீர். அங்கே குடியிருப்போர் சங்கத் தலைவி லட்சுமியம்மாள். மொத்த நகருக்கும் வருஷ சர்வீஸை ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். அது கிடைத்தால் இன்னொரு பெண்ணை வேலைக்கு வைக்கலாம், இன்னொரு ஸ்கூட்டரும் வாங்கலாம். கிடைக்காவிட்டால் ஆகிற செலவுக்கு வருகிற வரவு சரியாகப் போய்விடும், அவ்வளவுதான்.

பேச்சுவார்த்தைக்கு இருவரும் போனார்கள். லட்சுமியம்மாள் ரம்யாவுக்குச் சேர் இழுத்துப் போட்டார். “இந்த வயசுல தனியா தொழில் நடத்தற, பெரிய விஷயம். வா, ஓனரம்மா, குந்து.” பிறகு ஸ்பேனர் பையோடு நின்ற கோகிலவாணியைப் பார்த்து, “உனுக்கு வெளிய காத்தோட்டமா இருக்கும்மா, கொரோனாவாச்சே” என்றார்.

ரம்யா சிரித்தாள். இல்லையென்று சொல்லவில்லை. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு காபியைக் குடித்தாள். கோகிலவாணியும் வாயைத் திறக்கவில்லை. நகர் கை நழுவிப் போய்விடுமே என்ற பயம்.

அன்றிரவு படுத்த பிறகும் அந்த ‘ஓனரம்மா’ விடவில்லை.

கோகிலவாணிக்கு ஒரு சட்டம் இருந்தது. கூப்பிட்ட அன்றைக்கே போய் நிற்க முடியாத தூரத்தில் வீடு சேர்க்கக் கூடாது. அந்தச் சட்டத்தால்தான் கடை ஆடாமல் நின்றது. மறுநாள் காலையில் அதை அவளே உடைத்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். தூரம் என்று தட்டிக் கழித்து வைத்திருந்த இடம். “நீ போயிட்டு வா” என்று ரம்யாவைப் பஸ் ஏற்றிவிட்டாள். முதல் சர்வீஸைச் செய்து காட்டப் பொன்மணி நகருக்குத் தான் மட்டும் போனாள். ரம்யா இல்லாமல் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் கடைக்குத் தானே முதலாளியாகப் போய் நின்று பார்க்க வேண்டும்.

லட்சுமியம்மாள் வீட்டு வாசலில் நின்று, “ஃபில்டர் சர்வீஸுங்க” என்றாள்.

“ரம்யா?”

“மலைக்குப் போயிருக்குது. நான் பாக்கறன்.”

லட்சுமியம்மாள் கொஞ்சம் யோசித்தார். “செத்த இரு.” உள்ளே நாற்காலி இழுபடும் சத்தமும், வீட்டுக்காரர் முனகும் சத்தமும், சுவரில் ஆணி பிடுங்கும் சத்தமும் கேட்டன. வெகுநேரம் கழித்து, “பின்பக்கமா வாம்மா” என்று குரல் வந்தது.

கோகிலவாணி சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். துவைக்கிற கல்லின்மேல் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. பைப் அறுந்து தொங்க, அடியில் சோப்புத் தண்ணீர் ஓட, வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“கொரோனாவாச்சேம்மா. அதான் உனுக்குச் சௌரியமா வெளியவே எடுத்தாந்து வெச்சுட்டோம்.”

“நேத்து ரம்யா மாஸ்க்கே போடாம உள்ள குந்தினு காபி குடிச்சிதே. அதுக்குக் கொரோனா வராதா?”

லட்சுமியம்மாள் முகம் இறுகியது. “இன்னா பேச்சு இது? உங்க ஓனர் கிட்ட சொல்லவா?”

“நான்தான் ஓனர். கோகிலவாணி. போர்டுல இருக்குறது என் பேரு.”

“அப்படியா?” லட்சுமியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். “காலம்பூரா உங்களுக்குத்தான எல்லாம் குடுக்கறாங்க. படிப்பு, வேல, லோனு. இப்ப ஓனரும் ஆயிட்டீங்களா?”

“லோனைக் கட்டறது நானு. ஃபில்டரை அடுப்படில மாட்டுங்க. மாட்டினா உள்ள வந்து வேல செய்றன். துவைக்கிற கல்லுல நான் தொட மாட்டன்.”

“அப்ப கெளம்பு.”

கிளம்பினாள். ஸ்கூட்டரை ஓங்கி உதைத்தாள். ரம்யாமேல்தான் கோபம் பொங்கியது. அவள் என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாத கோபம்.

சாயங்காலம் ரம்யா பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்து முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அந்த மலைய எதுக்குக்கா ஒத்துக்கினீங்க? போக வரவே நாளு பூடுச்சி. நாளைக்கே ரிப்பேருன்னு கூப்ட்டா எவ போறது?”

கோகிலவாணி ஒரு ஃபில்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“லட்சுமியம்மா போன் போட்டாங்க. ஆணிய புடுங்கி ஃபில்டரைப் பின்னால கொண்டாந்து வெச்சும் நீங்க தொடலியாம். நகர் முழுக்க எனக்கே தராங்களாம். உங்கள வுட்டுட்டுத் தனியா தொடங்குன்னாங்க.”

வந்துவிட்டது. கோகிலவாணி கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டாள். “போறியா?”

“எங்க போறது? எனுக்கு ஃபில்டர் கழட்டத் தெரியும். தொழில்னு எம்பேர்ல ஒண்ணு தொடங்கினா மறுநாளே எங்கப்பா வந்து கல்லால குந்திக்குவாரு. இங்க சம்பளம் என் கைக்கு வருது.” செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டே, “நீங்க என்னை எதுக்கு எடுத்தீங்கன்னு எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எங்கப்பா மொத நாளே சொன்னாரு, அந்தப் பொண்ணு உன்னச் சாவி மாதிரி வெச்சிக்கினு பூட்டு தொறக்குதுன்னு” என்றாள்.

கோகிலவாணிக்கு முகம் சுட்டது. “தெரிஞ்சா, அவங்க ஓனருன்னப்ப நீ ஏன் இல்லன்னு சொல்லல?”

“நல்லா இருந்திச்சி” என்றாள் ரம்யா. “ஒரு தபாவாவது யாராச்சும் அப்டி கூப்ட்டா உங்களுக்கு நல்லா இருக்காதா? நீங்களுந்தான் வாய மூடிக்கினு நின்னீங்க.”

வெளியே மனுக் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடும் ஆட்டோ ஒலிபெருக்கியோடு கடந்து போனது.

“இனிமே ஒரு தரம் நீ, ஒரு தரம் நான்” என்றாள் கோகிலவாணி. “யாரு போனாலும் அடுப்படி வரைக்கும் உடற வூடுதான் நம்ம வூடு. மத்தது வோணாம். மலையும் வோணாம்.”

“பாதி வூடு பூடும்க்கா.”

“பூடட்டும். மீதி நிக்கும். நீ இல்லன்னா கதவு மூடற வூட்டை நம்பி நான் இன்னொரு ஆளை வேலைக்கு வெக்க முடியாது. நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிட்டா கடைய இழுத்து மூடறதா?”

“என் சம்பளம் கொறையுமா?”

“கொறையாது. இன்னொரு ஸ்கூட்டர்தான் இல்ல.”

“அப்ப சரி.”

கோகிலவாணி போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, லட்சுமியம்மாளிடம் அதையே சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து, “ரம்யா இருக்கா பக்கத்துல?”

“இருக்கறன்மா” என்றாள் ரம்யா.

“இது இன்னாடி சொல்லுது?”

“அக்கா சொன்னா சொன்னதுதாம்மா. அவங்கதான் ஓனரு.”

போன் வைக்கப்பட்டது. ஒரு நகர், ஒரு ஸ்கூட்டர், இன்னொரு பெண்ணின் வேலை, எல்லாம் அந்தக் ‘டொக்’கில் போய்விட்டன. தான் பின்கட்டில் நின்று கத்திவிட்டு வந்ததை இவள் முக்காலியில் உட்கார்ந்தபடி, காலைத் தேய்த்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். அது இவளுக்கு எவ்வளவு சுலபம்! நன்றி சொல்லக் கோகிலவாணிக்கு நாக்கு எழவில்லை.

ரம்யா எழுந்தாள். சுடிதார் ஷாலை முந்தானையாக இழுத்துச் செருகி, தாடையைத் தூக்கி, லட்சுமியம்மாள் மாதிரியே பொருமினாள். “என்னாங்க! அந்த ஃபில்டரைத் திரும்ப ஆணி அடிச்சி மாட்டுங்க! குடிக்கத் தண்ணியில்ல!” பிறகு அந்த வீட்டுக்காரராகக் கூனி, சுவரில் சுத்தியலைத் தேடி, கட்டை விரலை நசுக்கிக்கொண்டாள்.

கோகிலவாணி உதட்டை இறுக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சிரிப்பு வெடித்து வந்தது; கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரிந்தது, ஊர் ஏன் இவளைக் கேட்கிறது என்று. சாதி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இது. அந்த மீதிப் பாதிதான் இன்னும் அதிகமாக எரிந்தது.

“போதும் நிறுத்துடி” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பஸ்ஸு பூடப் போவுது, கெளம்பு.”