துணைக்கு வந்தவள்

அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சிக்கென்று இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அந்த மஜ்ஜையில் இருக்கிற ஸ்டெம் செல்கள்தான் நோயாளி. கொடுத்த ஆள் துணைக்கு வந்தவர். முறை அப்படி.

தவசிக்கனிக்கு ரத்தப் புற்று. குப்புறப் படுத்தபோது நோயாளியாக இருந்தாள். எழுந்தபோது ரோஸ்லின் சிஸ்டர் அவள் பேர் எழுதிய கைப்பட்டையை அவிழ்த்து, மஜ்ஜை இருந்த சீசாவின் கழுத்தில் கட்டிவிட்டு, பார்வையாளர் பாஸ் ஒன்றை நீட்டினாள்.

சீசாவுக்கு ஏசி அறை. தவசிக்கனிக்கு வராந்தாவில் பாய். காலையில் பெரிய டாக்டர் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். சீசாவின் முன் குனிந்து, "நல்லா தூங்குனீங்களா?" என்பார். பத்துப் பேரும் எழுதிக்கொள்வார்கள். திரும்பும்போது தவசிக்கனியின் காலைத் தாண்டித்தான் போவார், மிதிக்கமாட்டார். அவ்வளவு படித்த மனுஷர்.

உயிரைப் பிடித்து நிறுத்துகிற ஊசி ஒன்று வந்தது. சீசாவுக்குப் போட்டார்கள்.

"எனக்கும் ஒண்ணு போடுங்க சிஸ்டர். நேத்துலேர்ந்து ஈறெல்லாம் ரத்தமா வருது."

"ஏங்க்கா, கூட வந்தவங்களுக்கெல்லாம் ஊசி போட்டாக் கட்டுப்படியாகுமா?"

"அது எனக்குள்ள இருந்து வந்ததுதானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வந்துடுச்சுல்ல?"

தவசிக்கனி பெரிய டாக்டரிடமே முறையிட்டாள். அவர் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர் இல்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து செல்களை விசாரித்தார். நிமிர்ந்தார்.

"உங்களை முன்னப்பின்ன பார்த்ததில்லையாம்மா. தூரத்துச் சொந்தமா இருக்கலாம்ங்கிறாங்க."

பதினோராம் நாள் செல்கள் தெளிந்து, கொழுத்து, வீட்டுக்குப் போகத் தயாராயின. பெரிய டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தவசிக்கனியின் புருஷன் பால்துரை கார் பிடித்து வந்திருந்தான். சீசாவை மடியில் வாங்கி, துண்டால் துடைத்து, "எளைச்சுப் போயிட்டியே புள்ள" என்று கண் கலங்கினான். பிறகு தவசிக்கனியைப் பார்த்துக் கும்பிட்டான்.

"கூடவே இருந்து பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப உபகாரம். நீங்க பஸ்ல வந்துருங்க."

அவள் பஸ் ஏறி ஊர்ப் பேரைச் சொன்னாள். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பின்பக்கம் வாழைத்தாருக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவே போய் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"கெட்டுப்போற சரக்கா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"ரெண்டு மூணு நாள் தாங்கும்" என்றாள் தவசிக்கனி.

அவர் சரியென்று விசில் கொடுத்தார்.