பைக்குத் துணை

இந்த ஊரில் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே எத்தனை நாள் தங்கப்போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன நாளுக்குத் தகுந்த அளவில் ஊரைப் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு நாள் என்றால் ஒரு தெருவும் ஓர் அருவியும். ஒரு வாரம் என்றால் மலை உச்சிக்கு ரயில் உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பிறகு ஊர் பற்றவில்லை என்று அழுது பிரயோஜனமில்லை.

நாங்கள் மூன்று நாள் என்று முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை இறங்கி, மூன்று நாள் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைக் கப்பலில் இரண்டு பேருமாகத் திரும்பிவிட வேண்டும். கோவில்பட்டியில் என் அடுப்படியில் நின்று நான் ஒரு ரசம் வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் அதைக் குறை சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

ஊர் அழகுதான். இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் ஒரு சந்து மாதிரி நுழைந்து வந்து நிற்கிறது. அதை ஃபியோர்டு என்கிறார்கள். அழகை நான் குறை சொல்லவில்லை.

துறையில் ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே இங்கர் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"மூணு."

"யோசிச்சுத்தான் சொல்லுதீகளா?"

"யோசிக்காமலா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அவள் சுத்தமான கோவில்பட்டித் தமிழ் பேசினாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "இந்த ஜன்னல்ல இதுதாம்மா வேலை செய்யும்," என்றாள். பக்கத்து ஜன்னலில் ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். அங்கே அதுதான் வேலை செய்யும் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பெயர் சங்கரபாண்டியன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். பஞ்சாங்கம் பார்க்காமல் முடிவெட்டக்கூடப் போக மாட்டார். இந்தப் பயணத்துக்கும் சட்டைப் பையில் ஒரு குட்டிப் பஞ்சாங்கம் வைத்திருந்தார். நான் மூன்று நாள் என்றபோது அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரு தெரு, இரண்டு அருவி, பதினோரு ஆடு கொடுத்தார்கள். திங்கட்கிழமை முதல் அருவியைப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை இரண்டாவது அருவிக்குப் போனோம். அதில் வேலை இன்னும் முடியவில்லை. தண்ணீர் பாதிவரை விழுந்து அங்கேயே நின்றது. அதையும் படம் எடுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு படத்துக்கும் அவர் என்னை விட்டு இன்னும் ஓர் அடி தள்ளி நின்றார். மலை முழுசாக விழ வேண்டும் என்றார். கடைசிப் படத்தில் அவர் தெருமுனையில் இருந்தார். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதியில் எங்கள் அறைக்குப் போகும் நடை முதல் நாள் எட்டு அடிதான் இருந்தது. மறுநாள் நாற்பது. புதன்கிழமை அதைக் கடக்கக் கையில் இட்லிப் பொட்டலம் தேவைப்பட்டது. பாதி நடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"நாளைக்கு வியாழன். தெற்க சூலம்."

"நம்ம ஊரு தெற்கதான இருக்கு."

"அதைத்தான் சொல்லுதேன்."

சூலம் இருக்கிற திசையில் அன்றைக்குப் புறப்படக் கூடாது. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூட எடுத்துப்போகிற சாமான் ஒன்றை முந்தின நாளே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு நேரே போய்விடலாம். சூலம் ஒன்றும் செய்யாது. இதைப் பரஸ்தானம் வைப்பது என்போம்.

"கறுப்புப் பையை வச்சிருவோம்," என்றார். "தனியா வைக்க வேண்டாம். பைக்குத் துணையா நீயும் போயி இரு. காலையில நான் வாரேன்."

பைக்கு எதற்குத் துணை என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் புத்தி எங்கே போயிற்றோ, அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் மாரித் என்ற பெண்மணி இருந்தாள். கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. கதவே தெருவுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனது. மாரித் பையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு பேர் மீதும் ஒவ்வொரு சீட்டு ஒட்டினாள். ஒரு ரசீது எழுதி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள்.

எட்டிப் பார்த்தேன். "ஒண்ணுன்னு போட்டிருக்கே?"

"ரசீதுக்கு ஒண்ணுதான்," என்றாள் மாரித்.

பைதான் அந்த ஒன்று என்று நினைத்தேன். மனுஷியை யாராவது எண்ணுவார்களா? அவர் ரசீதை நாலாக மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பெஞ்சில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர். அருப்புக்கோட்டைக்காரி. பெயர் காந்திமதி.

"எத்தனை நாளைக்கு வந்தீக?" என்று கேட்டேன்.

"மூணு."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"கிழங்கு இது ஏழாவது வெள்ளாமை."

"ஒங்க வீட்டுக்காரரு வரலையா?"

"வந்தாரு. குடையை எடுத்துக்கிட்டாரு."

"மழையா?"

"இல்ல."

எனக்குப் பாவமாக இருந்தது. "நீங்களே எந்திரிச்சுப் போக வேண்டியதுதான?"

"வச்சவுகதான் எடுக்கணும்."

"எங்க வீட்டுக்காரரு அப்படியில்ல," என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் அப்படியில்ல," என்று சொல்லி எனக்கும் ஒரு கிழங்கைக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வந்தார். குளித்து, தலை சீவி, நீலச் சட்டை போட்டிருந்தார். ரசீதை மாரித்திடம் நீட்டினார்.

"எதை வச்சீக?"

நான் எழுந்து நின்றேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவர் பையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"கறுப்புப் பை," என்றார்.

யோசிக்கவே இல்லை. சந்தையில் ஒரு கத்திரிக்காயைக்கூட இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் எடுப்பார். அந்த அளவு நேரம் எடுத்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

"நான் இங்கன நிக்கேன்," என்றேன்.

"தெரியுது, செண்பகம். அதுல மாத்திரை இருக்கு."

"மாத்திரையை எடுத்துச் சட்டைப் பையில போடுங்க. பையை விட்டுட்டு என்னையக் கூட்டிட்டுப் போங்க."

அவர் மாரித்தைப் பார்த்தார். "பிரிச்சு எடுக்கக் கூடாது," என்றாள் அவள்.

"பாத்தியா," என்றார்.

அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று எழுதி ஒட்டியவள் நான். அந்தப் பையை அடுக்கியவள் நான். முப்பத்தோரு வருடம் அந்த முகத்துக்கு முன்னால் தட்டு வைத்திருக்கிறேன். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டவளும் நான்தான்.

"அப்ப நான்?"

"நீ பத்திரமா இரு. இவுக நல்லவுகளா இருக்காக."

கையெழுத்துப் போட்டார். மாரித் பையின் சீட்டைக் கிழித்தாள். என் சீட்டைக் கிழிக்கவில்லை. காந்திமதி தலை நிமிராமல் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அவர் பின்னாலேயே ஓடினேன். துறைவரை போகலாம், அதற்கு மேல் கூடாது என்று மாரித் வாசலில் இருந்து சொன்னாள். அவர் கப்பலில் ஏறினார். நான் ஏறப் போனேன். என் கால் பலகையில் பட்டதும் பலகை கூச்சப்பட்டது போல உள்ளே போய்விட்டது.

ஜன்னலில் இங்கர் படிவத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஊரு அளவை மாத்தணும்மா. எத்தனை நாளுன்னு போட?"

"நான் இன்னைக்குக் கிளம்புதேன்."

"கிளம்புறது அவுக. நீங்க எத்தனை நாளு?"

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அது என் முடிவாகிவிடும். அவள் கட்டத்தை வெறுமனே விட்டு முத்திரை குத்தினாள். எனக்குப் பின்னால் தெரு நீள ஆரம்பித்தது. நாலு ஆட்கள் சுருட்டிய அருவிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூரத்தில் ஒரு மலையைக் கயிறு கட்டி நிமிர்த்தினார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு மலை படுத்திருந்தது.

கப்பல் நகர்ந்தது. அவர் மேல்தட்டில் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய ஒருவர், நம் ஊர்க்காரர். மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவர்கள் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

"அவுக வரலையா?" என்று மஃப்ளர்காரர் கேட்டார்.

"அவளுக்கு இந்த ஊரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றார் என் வீட்டுக்காரர். "இருந்துட்டு வாரேன்னுட்டா."

மஃப்ளர்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"குடுத்து வச்சவுக," என்றார்.