சிவப்புப் பூட்டு

17 ஜூலை, வியாழன். தவறு: பூட்டை எடுக்காமல் வந்துவிட்டேன். சாவி என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு எழுதியதும் ஷர்மைனின் கை நின்றுவிட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். நேற்று உடுத்தி வந்த வேலைச் சீருடையை மடித்துப் பைக்குள் வைக்கப் போனபோதுதான் காற்சட்டையிலிருந்து அந்தச் சாவி தரையில் விழுந்து ஓசையெழுப்பியது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத சாவி. கூடத்தில் பெண்கள் செபமாலையின் நான்காம் பத்தில் இருந்தார்கள்.

கூடத்தின் நடுவே பெட்டிக்குள் படுத்திருந்தவள் டொரத்தி. ஷர்மைனைக் கட்டிக்கொள்ளப்போகும் எல்வினின் தாய். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு அடங்கியபோது ஷர்மைன் ஜொகூர் பாருவில், பதினெட்டு மாடி அடுக்குமாடி ஒன்றின் உச்சியில், இரண்டாம் எண் லிஃப்டின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் தொழில். ஒன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

வேலையைத் தொடுமுன் மெயின் ஸ்விட்சை அணைத்து, அதில் தன்னுடைய சிவப்புப் பூட்டைப் போட்டு, தன் பெயரும் படமும் உள்ள அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது. பெயர் தொங்குகிறது என்றால் அந்த ஆள் இன்னும் லிஃப்ட் ஏறியிறங்கும் ஷாஃப்டுக்குள் இருக்கலாம். தெரியாமல் யாராவது கரண்டைப் போட்டுவிட்டால் உயிர் போய்விடும். எல்வினின் அழைப்பு வந்ததும் அவள் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படிகளில் ஓடி இறங்கிவிட்டாள். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாத தவறு.

நோட்டு எழுதும் பழக்கம் மாலை வகுப்பில் வந்தது. பொறுப்பாளர் சான்றிதழுக்காக வாரம் இரண்டு மாலை படிக்கிறாள். செப்டம்பரில் பரீட்சை. அங்கே பாடம் எடுக்கும் திருச்செல்வம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: முதல் வரியில் அன்றைய தவறு, கடைசி வரியில் மறுநாள் வேலை, நடுவில் கதை எழுதாதே. ஷர்மைனுக்கு முதல் வரி எப்போதும் சுலபமாக வரும். தன்மீது குற்றம் கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஷர்மைன், எங்கம்மா போயிட்ட?" என்று டொரத்தியின் அக்கா, எல்வினின் பெரியம்மா, சமையலறை வாசலில் வந்து நின்றாள். "வா, வந்து தலமாட்டுல உக்காரு. மருமக எடம் காலியா கெடந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஷர்மைன் போனாள்.

தலைமாட்டு நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசல் கேட்டில் கட்டியிருந்த இரங்கல் பேனர் தெரிந்தது. டொரத்தியின் சிரித்த முகம். கீழே கணவர்: கிரகோரி. மகன்: எல்வின். மருமகள்: ஷர்மைன். நேற்றுச் சாயங்காலம் அச்சடிக்கும் முன் அதைச் சரிபார்க்க அவளிடம்தான் கொடுத்தார்கள். பிறந்த தேதி சரியா என்று பார்த்தாள். பூசை மூன்று மணிக்கு, இரண்டு என்று போட்டிருந்ததைத் திருத்தினாள். மருமகள் என்ற வரியையும் வாசித்தாள். அங்கே பேனா நிற்கவில்லை. இதையும் இன்றைய தவறில் சேர்க்கலாமா என்று இப்போது யோசித்தாள். சேர்க்கப் பயமாக இருந்தது.

இன்னும் அவள் மருமகள் ஆகவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் பங்குக் குருவிடம் சொல்லலாம் என்று. முதல் ஓலை ஆறாம் தேதி, இரண்டாவது பதின்மூன்று. மூன்றாவது இந்த ஞாயிறு. இரண்டு முறையும் தன் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது ஷர்மைன் முன் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். சந்தோஷத்திலும் கை அப்படித்தான் பிடிக்கும் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னாள்.

ஏற்பாடு இதுதான். எல்வினுக்கு சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவான். கிரகோரிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஒரு வருடமாகிறது. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பார்த்துக்கொண்டிருந்தவள் டொரத்தி. அந்த இடத்துக்கு ஷர்மைன் வர வேண்டும். மாதக் கடைசியில் வேலையை விட வேண்டும். இரண்டு வாரம் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் டொரத்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "விட்டுருவல்ல?" என்று கேட்டாள். கை சூடாகவும் எலும்பாகவும் இருந்தது. ஷர்மைன் "சரி ஆன்ட்டி" என்றாள். ராஜினாமாக் கடிதம் அன்றிலிருந்து காரில் கிடக்கிறது. தேதி போடவில்லை.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று எல்வின் ஒருமுறை கேட்டிருக்கிறான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரும்புக் கயிறு சக்கரத்தில் சரியாக உட்காரும்போது ஒரு சின்ன முனகல் கேட்கும். அதில் ஒரு இழை பிசகினாலும் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே கத்துவார்கள். அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, நான் இங்கேயே இருக்கிறேன், சுவரில் கையை வைத்துக்கொள்ளுங்கள் என்று பேசிக்கொண்டே திறப்பாள். கதவு விலகியதும் அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது போதும்.

மறுபக்கமும் பயம்தான். முப்பத்துநான்கு வயதாகிவிட்டது. சொந்த ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து அம்மா தினமும் தொலைபேசியில் பெருமூச்சு விடுகிறாள். எல்வினைப் போல இன்னொருவன் வரப்போவதில்லை. முட்டி தேய்ந்த ஐம்பது வயதில் வீடு திரும்பி, இருட்டில் ஸ்விட்சைத் தடவும் ஒருத்தியை அவள் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறாள். இவ்வளவு காலம் அந்தக் கற்பனைதான் அவளை இந்த வீடு வரை கூட்டி வந்தது. இன்று தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. கூடவே வேலை செய்யும் விஜயன். அவள் எழுந்து கேட் அருகே போனாள்.

"சாரி லா ஷர்மைன், எழவு வீட்டுல இருக்கறப்ப கூப்புடுறேன்," என்றார் அவர். விஷயம் அவளுக்குத் தெரிந்ததுதான். முதல் லிஃப்ட் ஓடுகிறது, ஆனால் பதினெட்டு மாடிக்கும் அது ஒன்றுதான். கீழே வரிசை நிற்கிறது. குடியிருப்பு நிர்வாகம் கத்துகிறது. பூட்டை வெட்டச் சொல்லிவிட்டார் பாஸ். வெட்டுவதற்கு ஒரு படிவம் உண்டு. பூட்டின் சொந்தக்காரரிடம் தொலைபேசியில் மூன்று கேள்வி கேட்டு, பதிலை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

"பேரு, ஷர்மைன். டிக் போட்டாச்சி. சாவி எங்க இருக்கு?"

"எங்கிட்ட இருக்குண்ணே."

"டிக். கடைசி. நீ வெளிய இருக்கியா?"

பேனர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காற்றில் அதன் ஓரம் படபடத்தது. மருமகள்: ஷர்மைன்.

"ஷர்மைன்? லைன்ல இருக்கியா? ஷாஃப்டுக்கு வெளிய இருக்கேன்னு ஒன் வாயால சொல்லணும். அப்பத்தான் வெட்ட முடியும்."

உள்ளங்கை வேர்த்துக் கைப்பேசி வழுக்கியது. பதினெட்டு மாடிக் குழிக்குள் தொங்கியபோதெல்லாம் வராத வேர்வை.

"வெட்டாதீங்கண்ணே. நாளைக்குக் காலைல ஏழரைக்கு நானே வந்து எடுக்கறேன்."

"பாஸ் கத்துவாரு."

"கத்தட்டும்."

"கேட்டதுக்குப் பதிலே சொல்லல பாரு," என்று பாதி கேலியாகச் சொல்லிவிட்டு விஜயன் வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குப் பூசை. நாலரைக்குக் கல்லறை. மழை வரும்போல் இருந்ததால் எல்லாம் சீக்கிரம் நடந்தது. பெட்டியை இறக்கும்போது கயிற்றைப் பிடித்த நாலு பேரில் ஒருவர் கொஞ்சம் வேகமாக விட்டுவிட, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு சமமானது. அதை ஷர்மைனைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவள் எல்லோரையும் போல ஒரு பிடி மண் போட்டாள். சக்கர நாற்காலியில் இருந்த கிரகோரி தன் இடது கையால் அவள் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை விடவில்லை. அவருக்கும் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அவர் விரல்களை ஒவ்வொன்றாக அவளால் எடுக்க முடியவில்லை. அவராகத் தூங்கிய பிறகுதான் கை தளர்ந்தது.

வீட்டில் காப்பி ஊற்றிக்கொண்டே பெரியம்மா திட்டம் சொன்னாள். கல்யாணத்தைத் தள்ளிப் போட்டால் ஒரு வருடம் ஆகிவிடும். முப்பதாம் நாள் பூசைக்குள் கோயிலில் வைத்து எளிமையாகத் தாலியைக் கட்டிவிடலாம். ஓலைதான் இந்த ஞாயிறோடு முடிகிறதே. ராத்திரிக்கு ஷர்மைன் இங்கேயே இருந்துவிட்டால் மாமாவைப் பார்த்துக்கொள்ள ஆளாயிற்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் தப்பாக ஒரு வார்த்தையும் இல்லை. அதனால்தான் அவள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தாள்.

பையை எடுத்துக்கொண்டு அவள் காருக்குப் போனபோது எல்வின் பின்னாலேயே வந்தான். கறுப்புச் சட்டையில் மண் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

"பூட்டுக்கா போற?" என்றான். கேட் அருகே அவள் பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது. "வெட்டிக்கட்டும் ஷர்மைன். எப்படியும் விடப்போற வேலதானே."

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம மூணாவது ஓல வாசிக்க வேணாம் எல்வின்."

உள்ளே யாரோ தட்டுகளைக் கழுவும் சத்தம்.

"இன்னிக்கா சொல்ற இத?"

"இன்னிக்கி சொல்லலன்னா நான் எப்பவும் சொல்ல மாட்டேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

"அம்மாகிட்ட சரின்னு சொன்னியே."

"பயத்துல சொன்னேன்."

"அப்ப நான்?"

அதை இரண்டு வருடத்தில் எப்போதாவது அவள் சொல்லியிருக்க வேண்டும். அவன் காலணியால் தரையில் கிடந்த ஒரு பூவிதழை நகர்த்தினான். பிறகு கேட்டான்.

"ஃபாதர்கிட்ட நான் சொல்லணுமா?"

"எம் பேரு. நானே போய் சொல்றேன்."

அவன் தலையசைத்தான். உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் ஒரு பொட்டலத்துடன் திரும்பி வந்தான். வந்தவர்களுக்குக் கொடுத்த மீஹூன், அரிசிச் சேமியா. இன்னும் சூடாக இருந்தது. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்து, கவிழ்ந்துவிடாமல் அவளுடைய வேலைப் பையை அதற்கு அணைகொடுத்துவிட்டு, கதவைச் சாத்தினான்.

கேட்டைத் தாண்டும்போது அவள் பேனரைப் பார்க்கவில்லை. பொந்தியான் சாலையில் முதல் பெட்ரோல் நிலையம் வந்ததும் காரை நிறுத்தினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை பெய்யாமலே போய்விட்டது. ஸ்டியரிங்கின் மேல் நோட்டை விரித்தாள். காலையில் எழுதிய ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொன்று சேர்த்தாள்: பேனரில் ஒரு வரியைத் திருத்தாமல் விட்டேன். நடுவில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தின் அடியில் எழுதினாள்.

18 ஜூலை, வெள்ளி. காலை 7.30: லிஃப்ட் 2, பூட்டை எடுக்க வேண்டும். பிரேக்கைத் திரும்ப மாட்டி முடித்து, ஆளில்லாமல் மூன்று முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். மாலை 5.00: கோயில் பங்கு அலுவலகம், ஃபாதரிடம். நேரில்.