ரேடாரின் ஒரு சுற்று

மூடுபனி அன்று பத்தேகாலுக்குத்தான் விலகியது. அதுவரை வேறு ஊர்களில் காத்துக்கிடந்த விமானங்களெல்லாம் ஒரே நேரத்தில் தில்லிக்குக் கிளம்பின.

கட்டுப்பாட்டறையில் புதிய ரேடார் திரையின் முன் அமலி உட்கார்ந்திருந்தாள். பின்னால் சத்தியசீலன் நின்றான். வேலையில் அவளுக்கு ஆறு வருடம் மூத்தவன் அவன். புதிய திரையில் பயிற்சிக்கு இருந்த ஒரே இடத்தைத் தூத்துக்குடியிலிருந்து நேற்று வந்தவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், தில்லியிலிருந்த ஊர்க்காரர்கள் அவனிடமே அவளைப் பற்றி விசாரித்தார்கள். இன்று அவளுக்குத் தேர்வு. தவறினால் அடுத்த பெயர் அவனுடையது.

பழைய திரையில் விமானம் வெறும் புள்ளி. உயரத்தை விமானி சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது ரேடார் கேட்டதும் விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்லிவிடுகிறது. ரேடார் சுழலும் ஒவ்வொரு சுற்றிலும் புள்ளியின் அருகே எண் மாறும். நூறடிக் கணக்கு; 150 என்றால் பதினைந்தாயிரம் அடி. இதைப் படிக்க என்ன சாமர்த்தியம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

தேர்வாளர் கஸ்தூரிரங்கன் அவன் தோளைத் தட்டினார்.

“என்ன சத்தியா, பார்வையாலேயே மேடத்தை நாற்காலியிலேர்ந்து எழுப்பிவிட்டுடுவ போலிருக்கே.”

சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போனார்.

இறங்கிவந்த சரக்கு விமானத்தைப் பதினைந்தாயிரம் அடியில் நிற்கச் சொல்லியிருந்தாள் அமலி. விமானியும் சரி என்றார். எதிரே, பதினாலாயிரத்தில், ஒரு பயணிகள் விமானம் வந்துகொண்டிருந்தது. தொலைபேசி ஒலிக்க, அவள் பக்கவாட்டில் இருந்த கண்ணாடித் தடுப்பின் பக்கம் திரும்பினாள்.

சரக்கு விமானத்தின் எண் 149. அடுத்த சுற்றில் 147.

ஆபத்தென்றால் யார் நாற்காலி என்ற பேச்சே அங்கே கிடையாது. கண்டவர் சொல்ல வேண்டும். சத்தியசீலன் வாயைத் திறந்தான். இன்னும் ஒரு சுற்று போகட்டும் என்று நினைத்தான். மூடிக்கொண்டான்.

145.

அமலி சட்டென்று திரைக்குத் திரும்பினாள். பயணிகள் விமானத்தை வலப்பக்கம் திருப்பினாள். சரக்கு விமானத்தை உடனே மேலே ஏறச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

146. 148. புள்ளிகள் விலகின. ஓடிவந்த கஸ்தூரிரங்கன் எண்களைப் பார்த்து மூச்சு விட்டார். அச்சா, நாற்காலி உனக்குத்தான் என்றார் அமலியிடம்.

அவர் நகர்ந்ததும், அமலி தலையைத் திருப்பாமல் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“கண்ணாடித் தடுப்புல ஒங்க வாய் தொறந்தது தெரிஞ்சுதுண்ணே. அதப் பாத்துத்தான் திரும்புனேன். பொறவு ஏன் மூடிக்கிட்டீங்க?”