நாட்றம்பள்ளிக்குப் போன ஹீனா

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய அந்தத் தொடக்கப்பள்ளியில் அறுபத்து நான்கு பிள்ளைகள். 'நூறு சதவீத வருகை வெற்றி விழா' பேனரில் அவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. கல்வி வள்ளல் வேலாயுதத்தின் முகமே முக்கால் பேனரை எடுத்துக்கொண்டது. மீதியில் பள்ளிக் கட்டடம் இருந்தது, அதுவும் அவர் காதுக்குப் பின்னால்.

வேலாயுதம் தோல் தொழிற்சாலைகளுக்கு ரசாயனம் விற்பவர். வள்ளல் பட்டம் அவரே அச்சடித்த அழைப்பிதழில்தான் முதன்முதலில் வெளிவந்தது. போன வருடம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கென்று பள்ளி வளாகத்திலேயே ஓர் அறை கட்டிக் கொடுத்தார். டைல்ஸ் தரை, மின்விசிறி, மெத்தை நாற்காலி, வாசலில் அவர் பெயர் பொறித்த கிரானைட் கல். குழு அதற்குள் ஒரே ஒருமுறை கூடியது. அன்றும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டே பேசினார்கள். அப்படியும் தரை பாழாகிவிடும் என்று சாவியை அவரே வைத்துக்கொண்டார்.

குழுவின் தலைவி மேகலா. பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோர்தான் தலைமை ஏற்க வேண்டும் என்பது விதி. அவள் மகள் மூன்றாம் வகுப்பு. ஷூ கம்பெனியில் மேகலா லைன் சூப்பர்வைசர். அங்கே ஒவ்வொரு லைனுக்கு முன்னாலும் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். வரவேண்டியவர், வந்தவர், வராதவர், காரணம். தலைவியானதும் அப்படி ஒரு பலகையைப் பள்ளி கேட்டில் மாட்டினாள். காலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவார்கள். மாலையில் கம்பெனி வேனைவிட்டு இறங்கியதும் மேகலா படிப்பாள். காரணம் என்ற கட்டத்தில் எது எழுதியிருக்கிறதோ, அதுதான் குழுவுக்கு வேலை.

'செருப்பு இல்லை' என்று ஒருநாள் எழுதியிருந்தது. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரில்! கம்பெனியில் பேசி மறுநாளே வாங்கி வந்தாள். 'நாய் துரத்துது' என்று எழுதிய வாரம், தெருமுனையில் அம்மாக்கள் முறைவைத்துக் குச்சியோடு நின்றார்கள். ஒரு காரணம் மட்டும் இரண்டு மாதமாகப் பலகையை விட்டுப் போகவில்லை: 'தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லை.'

அது நான்காம் வகுப்பு ஹீனா. அவள் அம்மா மஹ்பூபி மேகலாவின் லைனில்தான் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். தம்பி முனீருக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடியில் எடுத்துக்கொள்ளும் வயது ஆகவில்லை. வேன் ஏழரைக்கு வந்துவிடும். அதன்பின் முனீருக்கு அம்மா ஹீனாதான்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மாலை, மேகலா பலகையைப் பார்த்தாள். வரவேண்டியவர் 63. வந்தவர் 63. நேராகத் தலைமையாசிரியர் செந்தில்குமாரிடம் போனாள்.

"ஒரு புள்ள எங்க சார்?"

அவர் பதிவேட்டைத் திறந்து, அதற்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டார். "ஹீனா குடும்பம் இடம்பெயர்ந்துடுச்சும்மா. நாட்றம்பள்ளிக்கு."

"மஹ்பூபி இப்பத்தான் சார் எங்கூட வேன்லருந்து எறங்குனா."

"ஐயோ, புரிஞ்சுக்கம்மா. நூறு சதவீதம்னு பேனர் அடிச்சாச்சு. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு பேனர் அடிக்க முடியுமா?"

"எங்க கம்பெனியில ஒத்தக் கால் ஷூ கம்மியா இருந்தா பொட்டிய மூட மாட்டோம் சார். நாட்றம்பள்ளிக்குப் போயிருச்சுன்னு எழுதி ஒட்ட மாட்டோம்."

"தலைவி கையெழுத்து இல்லாம நூறு சதவீத வருகைச் சான்றிதழ் செல்லாதும்மா..."

"போடறேன் சார். ஞாயித்துக்கெழம மேடையில வச்சுப் போடறேன்."

செந்தில்குமார் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. லட்டு உண்டு என்ற செய்தியும் பரவியிருந்ததால் தெருவே வந்திருந்தது. வெள்ளைப் பலகையை வேலாயுதத்தின் பேனர் மறைத்திருந்தது. பலகை இருந்த இடத்தில் இப்போது அவருடைய மூக்கு இருந்தது.

வேலாயுதம் நாற்பது நிமிடம் பேசினார். முதல் முப்பது நிமிடம், தான் படிக்கப் பட்ட கஷ்டம். அடுத்த பத்து நிமிடம், தான் கொடுத்தவை. கடைசியில் குரலை உயர்த்தினார். "இந்தத் தெருவுல ஒரே ஒரு புள்ள படிக்க முடியலன்னாலும், அந்த ஒத்தப் புள்ளைக்காக இந்த வேலாயுதம் உயிரையே குடுப்பான்!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். கிடைத்தது.

பிறகு முதல் புத்தகப்பையைக் கொடுக்கப் பிள்ளை தேடினார். முன்வரிசையில் ஒரு சிறுமி இடுப்பில் குழந்தையோடு நின்றாள். போட்டோவுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவளையே மேடைக்கு அழைத்து மைக்கை நீட்டினார்.

"உன் பேரென்ன கண்ணு?"

"ஹீனா."

"எந்த கிளாஸ்?"

"நாலாவது. ஆனா நான் நாட்றம்பள்ளிக்குப் போய்ட்டேனாம் சார்."

"எப்போ போன?"

"தெரியல சார். ரெஜிஸ்டர்லதான் எழுதியிருக்காம்."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மஹ்பூபி எழுந்து நின்றாள். "வாடகைக்கு வூடு தேடி ரெண்டு வருசமா பேஜாராவறேன். எங்களுக்கே சொல்லாம யாரு சார் புடிச்சுக் குடுத்தது?"

செந்தில்குமாருக்குத் திடீரென்று ஒலிபெருக்கி வயரில் அக்கறை வந்து குனிந்துகொண்டார்.

வேலாயுதம் எத்தனையோ மேடை கண்டவர். "சொல்லுங்க! இந்தப் புள்ள படிக்க நான் என்ன செய்யணும்?" என்றார்.

மேகலா மேடையேறினாள். "உயிரெல்லாம் வேணாம் சார். ரூம் சாவி போதும்."

"எந்த ரூமு?"

"குழுவுக்குன்னு கட்டுனீங்களே, அது. நாங்கதான் சார் குழு. கைக்கொழந்தைங்கள காலையில ஏழரைக்கு அங்க விடறோம். ரங்கம்மா அக்காவும் பில்கிஸ் அக்காவும் கம்பெனி வேலைய வுட்டுட்டு வூட்லதான் இருக்காங்க. ஆளுக்கொரு நாள் பாத்துக்கறேன்னுட்டாங்க."

"டைல்ஸ்மா..." என்றார் வேலாயுதம். மைக் இன்னும் அவர் வாயருகில்தான் இருந்தது.

"தொடச்சிடறோம் சார்," என்றாள் பில்கிஸ், கூட்டத்திலிருந்து. "உங்க பேரு இருக்கற கல்லயும் சேத்து."

வேறு வழி தெரியவில்லை. சாவிக்கொத்தை எடுத்து அந்த ஒரு சாவியைக் கழற்ற முயன்றார். வளையம் இறுகியிருந்தது, நகம் உடைந்ததுதான் மிச்சம். மேகலாவே வாங்கி இரண்டு நொடியில் கழற்றினாள். போட்டோவில் கண் மூடிவிட்டது என்று சாவியைத் திரும்ப வாங்கி இன்னொருமுறை கொடுத்தார். "இந்தத் திட்டம் ரொம்ப நாளா என் மனசுல இருந்தது" என்று அறிவித்தார். அதற்கு முதலில் கைதட்டியவள் மேகலா. தட்டி முடித்து, பதிவேட்டில் நாட்றம்பள்ளியை அடிக்கவைத்து, 'திங்கள் முதல்' என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை கல்வி வள்ளலின் மெத்தை நாற்காலியை முனீர் ஒரு மணி நேரத்தில் நனைத்தான். ரங்கம்மாள் அதைத் தூக்கி வெயிலில் போட்டாள். பேனர் இறங்கியிருந்தது. கேட்டில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'வரவேண்டியவர் 64' என்று எழுதிவிட்டு, பேனாவைத் திறந்தபடியே குழு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழும் தம்பியைச் சமாதானம் செய்துவிட்டு ஹீனா வகுப்புக்குள் நுழைந்தபோது பத்து நிமிடம் தாமதம்.

"ஏம்மா லேட்டு?" என்றார் செந்தில்குமார், பழக்க தோஷத்தில்.

ஹீனா புதுப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நாட்றம்பள்ளியிலேர்ந்து வர்றேன் சார்."