கேஸ் ஷீட்டில் ஒரு சொல்

ஸ்ட்ரெச்சர் அவசரப் பிரிவின் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அதன் பின்னால் தன் கணவர் நடந்து வருவதைத்தான் நர்ஸ் முதலில் கண்டாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை. மீட்டிங்குக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டவரின் முகம். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அவருடைய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஃபிட்டர். நாற்பது வயதிருக்கும். சட்டை கிழியவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றி வியர்வை காதுவரை வழிந்தது. நர்ஸ் அவர் கையைப் பிடித்தாள். ஐஸ்கட்டி. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் மறுபடி சிவக்க நாலு எண்ண வேண்டியிருந்தது. இருபது வருஷ சர்வீஸில் அந்த நாலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

“கரண்ட் ஷாக் இல்ல,” என்றார் கணவர், யாரும் கேட்காமலே. “அதை முதல்ல குறிச்சுக்கோ.”

வீட்டிலும் மனிதர் இப்படித்தான். யாராவது வாய்தவறி “ஷாக் ஆயிட்டேன்” என்று சொல்லிவிட்டால் போதும், காபி ஆறிப்போகும்வரை விட மாட்டார். அவர் உத்தியோகமே ஷாக் கொடுப்பது. கம்பெனி செய்யும் மின்கருவிப் பெட்டிகளை ஒரு இரும்பு மேசையில் இறுகப் பூட்டி, மேசையைத் தூக்கிப் படாரென்று விழவிடுவார்கள். இப்படிப் பதினெட்டுத் தடவை அடி. பெட்டி தாங்கினால் சான்றிதழ். “கண்ணிமைக்கிற நேரத்துல வந்து போற அடிக்குப் பேருதான் ஷாக். நீங்கல்லாம் சொல்றது வெறும் பயம்” என்று அவளுடைய தங்கை வீட்டில் ஒருமுறை விரலால் காற்றில் மேடு வரைந்து முக்கால் மணி நேரம் விளக்கினார். கேட்டவர்கள் கொட்டாவியை விழுங்கியதைப் பார்த்து அவளும் சிரித்துச் சமாளித்தாள். பதினாலு வருஷமாகச் சமாளிக்கிறாள். படித்த மனுஷன், பேசிவிட்டுப் போகட்டும் என்று.

“என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே டூட்டி டாக்டர் வந்தாள். சின்னப் பெண்தான், ஆனால் கை தெளிவானது.

“டெஸ்ட் நடக்கறப்ப பெட்டியைப் பூட்டற கிளாம்ப் ஒண்ணு தெறிச்சு இடது விலாவுல பட்டுது. லேசாத்தான்,” என்றார் கணவர்.

லேசாகப் பட்ட இடத்துக்குக் கீழே டாக்டர் விரல் வைத்தாள். வயிறு பலகையாக இருந்தது. “தோள்பட்டை வலிக்குது டாக்டர்... தண்ணி குடுங்க,” என்றார் ஃபிட்டர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிரஷர் எழுபது. ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்ததும் திரையில் இருக்கக்கூடாத இடத்தில் கறுப்பு திட்டாகத் தேங்கி நின்றது.

“ஷாக்ல இருக்கார். உள்ள ரத்தம் கொட்டுது. ரெண்டு கையிலயும் பெரிய ஊசி. நாலு பை ரத்தம் சொல்லுங்க சிஸ்டர், தியேட்டருக்கும் சொல்லிடுங்க.” சொன்னதையே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு டாக்டர் ஃபோனுக்கு ஓடினாள்.

நர்ஸ் படித்த பாடத்தில் ஷாக் என்பது பயமும் இல்லை, கரண்டும் இல்லை, அடியும் இல்லை. ரத்தம் உடம்பைச் சுற்றிவர முடியாமல் தோற்றுப்போவது. தோற்கத் தொடங்கிய உடம்புக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அவள் ஊசியைக் குத்தினாள், பாட்டிலை மாட்டினாள், ஆளை மாடியில் தியேட்டருக்கு அனுப்பினாள். எல்லாம் பதினைந்து நிமிஷம். அதற்குப் பிறகுதான் சுவரோரப் பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைக் கவனித்தாள்.

வாரம் ஒருநாள் கம்பெனிக்கு வந்துபோகும் மனநல ஆலோசகராம். கம்பெனி காரிலேயே கூட வந்திருக்கிறாள்.

“நான்தான் அவர்கூட இருந்தேன் சிஸ்டர். ரொம்பப் பதட்டமா இருந்தார், கை நடுங்குச்சு, தண்ணி தண்ணின்னு கேட்டார். அடி ஒண்ணும் பலமில்ல, மனசளவுல ஷாக், உக்காந்து பேசுங்கன்னு சார் சொன்னாங்க. மூச்சை எண்ணி இழுக்கச் சொன்னேன். ரூம்ல நீலமா இருக்கற அஞ்சு பொருளைச் சொல்லுங்கன்னேன்.”

“சொன்னாரா?”

“மூணு சொன்னார். அப்புறம் கண்ணை மூடிட்டார். அமைதியாயிட்டார்னு நினைச்சேன்.”

நர்ஸுக்கு வாய்வரை வந்துவிட்டது. வீடு பற்றி எரியும்போது சுவருக்கு என்ன வண்ணம் என்று கேட்கவும் ஒரு படிப்பு, அதற்கு ஒரு பட்டம். ஆனால் அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்ததால் அவளை விட்டுவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க வா,” என்று அவளைத் துணி அலமாரிப் பக்கம் அழைத்துப்போனார். “அந்த டாக்டர் எழுதினதுல ஷாக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு. அதை அடிச்சிரச் சொல்லு.”

“எதுக்கு?”

“நாளைக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருவான். ஷாக்குன்னு பார்த்தா கரண்டுன்னுதான் எடுத்துப்பான். கூடத்தையே மூடிருவாங்க. உள் ரத்தக்கசிவுன்னு மட்டும் இருக்கட்டுமே. பொய் இல்லையே அது.”

பொய் இல்லைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள்கூட சோறு நிஜம் என்றுதான் சொல்வார்கள்.

“டெஸ்ட் என்னாச்சு?” என்று கேட்டாள்.

“என்ன?”

“அவர் விழுந்தப்ப நடந்துட்டிருந்த டெஸ்ட்.”

“ஆறு அடி பாக்கி இருந்துது. கஸ்டமர் வந்து உக்காந்திருந்தாங்க, நடுவுல நிறுத்த முடியுமா? முடிச்சுட்டோம்.” பழக்கதோஷத்தில் அவர் குரல் லேசாக நிமிர்ந்தது. “பெட்டிக்கு ஒண்ணும் ஆகல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. செருப்பில் ஒட்டிய எதையோ பார்ப்பது போலிருந்தது. அதை இத்தனை வருஷம் வீட்டுக்குள் நடமாட விட்டவள் தானே என்ற நினைப்பு வந்ததும் அந்த அருவருப்பில் பாதி அவள் பக்கமே திரும்பியது.

மேசைக்கு வந்து கேஸ் ஷீட்டை எடுத்தாள். “எத்தனை மணிக்கு அடிபட்டுது?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா இருக்கு.”

“பன்னெண்டு... பன்னெண்டேகால்னு போடு.”

“பதினொன்னேகால்,” என்றாள் ஆலோசகர், பெஞ்சில் இருந்தபடியே. தலை நிமிரவில்லை. “அப்பதான் நான் உள்ள நுழைஞ்சேன். வாசல்ல கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தது பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு. அடிபட்டது பதினொன்னேகால், வந்தது இது என்று நர்ஸ் இரண்டையும் எழுதினாள். டாக்டரின் சொல்லைத் தொடவில்லை. ‘உடன் வந்தவர் கையொப்பம்’ என்ற இடத்தில் விரலை வைத்துக் கணவர் பக்கம் நகர்த்தினாள். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

“நம்ம வீட்டை நினைச்சுப் பார்த்தியா?” என்றார் மெதுவாக.

“பேனா இருக்கா, தரவா?”

அவர் கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார். ஆலோசகர்தான் எழுந்து வந்தாள். பெயர் கோட்டைத் தாண்டிப் போனது, ஆனால் போட்டாள்.

ஃபிட்டரின் மனைவி வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. எங்கேயோ வேலையில் இருந்தபடியே கிளம்பியிருக்க வேண்டும், முழங்கைவரை மாவுப்பொடி அப்பியிருந்தது. “வெளியில ஷாக்குன்னாங்க. கரண்டா அக்கா?” என்று நர்ஸின் கையைப் பிடித்தாள்.

“கரண்ட் இல்லம்மா. வயித்துக்குள்ள அடி. ஆபரேஷன் நடக்குது.”

“எப்பக்கா அடிபட்டுச்சு? எனக்கு இப்பத்தான் சொன்னாங்க.”

நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் தியேட்டரிலிருந்து ஃபோன். “இங்கயே உக்காரும்மா, வந்து எல்லாத்தையும் சொல்றேன்,” என்று அவளைக் காத்திருப்பு அறையில் விட்டுவிட்டு ஓடினாள். மண்ணீரலை எடுத்துவிட்டார்களாம். பிரஷர் இன்னும் ஏறவில்லை, இன்னும் இரண்டு பை வேண்டும் என்றார்கள். ரத்தத்தை அனுப்பிவிட்டு, கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கணவர் அந்தப் பெண்ணின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் கேட்கவில்லை. தங்கை வீட்டில் செய்தது போலவே வலதுகை ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார், அதை ஒரு மேடு போல ஏற்றினார், இறக்கினார், மறுபடி கோடாக்கினார். பிறகு அந்த மேட்டின் உச்சியில் விரலை நிறுத்தி ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் கண் அந்த விரலைவிட்டு நகரவில்லை, தன் புருஷன் அந்த மேட்டிலிருந்துதான் இறங்கி வரப்போகிறான் என்பது போல.

நர்ஸ் கதவைத் தள்ளினாள். கணவர் பேச்சை நிறுத்தினார். விரல் மட்டும் அந்தரத்திலேயே நின்றது. மாவு படிந்த கைகளை மடியில் கோத்துக்கொண்டு அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.